கடலுக்கு முகம் இல்லை

அந்த உடையில் பொத்தான்கள் வரிசையாக இருக்கின்றன. எதுவும் அவிழாது. திறப்பு என்று ஒன்று அதில் தைக்கப்படவே இல்லை. பூமியிலிருந்து வெகுதொலைவில், ஒரு விண்வெளி நிலையத்தின் அறையில், பத்து ஆண்டுகளுக்கு முன் தற்கொலை செய்துகொண்ட மனைவி அந்த உடையோடு கணவன் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். உடை மாற்ற வேண்டுமென்றால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். நினைவிலிருந்து செய்யப்பட்ட உடை அது. கணவனுக்குப் பொத்தான்கள் நினைவிருந்தன. அவை எப்படி அவிழும் என்பது நினைவில் இல்லை.

அவளுடைய உள்ளங்காலையும் அவன் கவனிக்கிறான். பிறந்த குழந்தையின் கால்போல மெத்தென்றிருக்கிறது. எந்தத் தரையிலும் நடந்த கால் அல்ல அது. செத்தவர்கள் திரும்பி வரும் கதைகளுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. அவற்றில் பேய்க்குக் கால் இருக்காது. போலந்து எழுத்தாளர் ஸ்டானிஸ்லாவ் லெம் காலைக் கொடுத்துவிட்டு, அதன் தேய்மானத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

இந்தக் காட்சி வரும் ‘சோலாரிஸ்’ 1961-இல் வெளிவந்த நாவல். லெம் 1921-இல் இன்றைய உக்ரைனில் இருக்கும் லிவிவ் நகரில் பிறந்தவர், மருத்துவம் படித்தவர். கதையில், சிவப்பும் நீலமுமாக இரண்டு சூரியன்களைச் சுற்றும் சோலாரிஸ் என்ற கோள். கணக்குப்படி அதன் பாதை நிலைத்திருக்கக் கூடாது, ஆனால் நிலைத்திருக்கிறது. கோளை மூடியிருக்கும் கடல்தான் அந்தப் பாதையைச் சரிசெய்து கொண்டிருக்கிறது. அந்தக் கடல் முழுதும் ஒரே உயிர். அது யோசிக்கிறதா, என்ன யோசிக்கிறது, மனிதர்கள் மேலே மிதப்பது அதற்குத் தெரியுமா? யாருக்கும் தெரியாது. கெல்வின் என்ற உளவியலாளர் நிலையத்துக்கு வந்து இறங்குகிறார். அங்கே இருந்த மூவரில் ஒருவர் இறந்துகிடக்கிறார், மற்ற இருவரும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எதையோ மறைக்கிறார்கள். மறுநாள் விழித்துப் பார்த்தால் எதிரே மனைவி ஹாரி.

இந்த அளவில் நிறுத்திக்கொண்டால், சினிமாவுக்கென்றே அளவெடுத்துத் தைத்த கதை. 1968-இல் சோவியத் தொலைக்காட்சி எடுத்தது. 1972-இல் அந்த்ரேய் தார்கோவ்ஸ்கி, 2002-இல் ஹாலிவுட்டில் ஸ்டீவன் சோடர்பெர்க். மூன்று முறை எடுத்தும் நாவல் எங்கேயோ வெளியிலேயே நிற்கிறது.

படமாக்கக் கடினமான நாவல் என்றால் உடனே ‘டூன்’ என்பார்கள். அது வேறு வகைக் கஷ்டம். 1984-இல் டேவிட் லிஞ்ச் அதை ஒரே படத்தில் அடைக்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டார். தெனி வில்நேவ் 2021-லும் 2024-லும் இரண்டு பாகமாக விரித்தபோது அந்த நாவலின் மணல்புழு கம்பீரமாகவே எழுந்து வந்தது. நேரமும் பணமும் தொழில்நுட்பமும் கிடைத்தால் தீர்ந்துவிடும் சிக்கல் அது. ‘சோலாரிஸ்’ விஷயத்தில் பணம் ஒன்றும் செய்ய முடியாது.

ஏனென்றால், என் பார்வையில், அந்த நாவலின் முக்கியப் பாத்திரம் கெல்வினும் இல்லை, ஹாரியும் இல்லை. நிலையத்தின் நூலகம்தான். மனைவியின் வடிவில் வந்தவளைக் கண்டு மிரண்டு போன கெல்வின் அவளை ராக்கெட்டில் ஏற்றி அனுப்பிவிடுகிறார். அவள் மறுபடி வந்து நிற்கிறாள். நாமோ அடுத்து என்ன என்று தவிக்கும்போது, லெம் நம்மைப் புத்தக அலமாரிகளுக்கு அழைத்துப் போய்விடுகிறார். சோலாரிஸ் கண்டுபிடிக்கப்பட்டு நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அதற்கென்றே ஒரு துறை உருவாகி, சிந்தனைப் பள்ளிகள் பிரிந்து, கோட்பாடுகள் முட்டி மோதி, முன்னோடிகள் மறக்கப்பட்டு, கடைசியில் எல்லாம் தூசி படிந்து கிடக்கிறது. கடல் எழுப்பும் வடிவங்களுக்குப் பெயர்கள் வைத்திருக்கிறார்கள். அருகில் எது வந்தாலும் அதைப்போலவே பொம்மை செய்யும் மேடு ‘மிமாய்டு’. மாளிகைபோல எழுந்து சற்று நேரத்தில் இடிந்துவிழும் ‘சிம்மெட்ரியட்’. பக்கம் பக்கமாக வர்ணனை, வகைப்பாடு, அடிக்குறிப்புத் தொனி. முதல் முறை படித்தபோது நானும் இந்தப் பக்கங்களைத் தாண்டித்தான் போனேன். இரண்டாம் முறைதான் புரிந்தது, அந்தச் சலிப்பு வேண்டுமென்றே வைக்கப்பட்டது. எத்தனை தலைமுறை முட்டினாலும் திறக்காத கதவின் முன் நிற்கும் களைப்பு அது. படிக்கிறவருக்கு அந்தக் களைப்பு வந்தால்தான், ஹாரி ஏன் வந்தாள் என்பதற்குப் பதில் கிடைக்காதது உறைக்கும்.

இதை எப்படி ஷாட் பிரிப்பது? தாள்களைப் புரட்டும் ஒருவரை அரை மணி நேரம் காட்டவா?

தார்கோவ்ஸ்கியின் விடையை நான் வெகுநாள் கவனிக்கவே இல்லை. அவருடைய நிலையத்திலும் நூலகம் இருக்கிறது. ஆனால் சோலாரிஸ் ஆராய்ச்சி அங்கே பின்னணிக்குப் போய்விட்டது. மரப்பலகை பதித்த சுவர், ஜன்னல் கிடையாது, மெழுகுவர்த்திகள், ‘டான் கிஹோத்தே’ பிரதி, சுவரில் பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் பிரூகலின் ஓவியங்கள். நிலையம் சில நொடிகள் எடையிழக்கும்போது கெல்வினும் ஹாரியும் அந்த அறையில் அணைத்தபடி மிதக்கிறார்கள், பின்னணியில் பாஃக்கின் இசை. பனியில் திரும்பும் வேட்டைக்காரர்களின் ஓவியத்தை ஹாரி கண்ணெடுக்காமல் பார்க்கிறாள். கேமரா அதன் மரங்களுக்கும் பறவைகளுக்கும் நடுவே அலைகிறது. லெம் தோல்விகளை அடுக்கிவைத்த இடத்தில் தார்கோவ்ஸ்கி பூமியை அடுக்கிவைத்தார். அழகான காட்சி, மறுக்கவில்லை. திருடிய வீட்டில் விளக்கேற்றி வைத்தது மாதிரியான அழகு.

லெம்முக்குக் கோபம் வந்தது இதனால்தான். திரைக்கதை பேச மாஸ்கோ போனவர் வாரக்கணக்கில் சண்டை போட்டு, இயக்குநரை ரஷ்ய மொழியிலேயே முட்டாள் என்று திட்டிவிட்டுக் கிளம்பினார். ஆரம்பத் திரைக்கதையில் பெரும்பகுதி பூமியிலேயே நடந்தது. படத்திலும் முதல் முக்கால் மணி நேரம் குளம், நீர்ப்பாசி, அப்பாவின் வீடு, மழை என்று கழிகிறது. தார்கோவ்ஸ்கி எடுத்தது ‘சோலாரிஸ்’ அல்ல, ‘குற்றமும் தண்டனையும்’ என்பது லெம்மின் புகார். மனைவியைச் சாகவிட்டவனின் மனச்சாட்சிக் கதையாக அது சுருங்கிவிட்டது, புரியாததை அறிய ஆசைப்படும் மனிதன் காணாமல் போய்விட்டான் என்று சொன்னார். நியாயமான புகார். படத்துக்கு 1972 கான் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பெரும்பரிசு கிடைத்தது என்பதால் அந்த நியாயம் குறைந்துவிடாது.

ஆனால் தார்கோவ்ஸ்கி ஏமாற்றவில்லை என்றும் சொல்லவேண்டும். படத்தின் தொடக்கத்தில் பெர்ட்டன் என்ற விமானியை விசாரிக்கும் காட்சி வரும். கடல்மேல் நான்கு மீட்டர் உயரக் குழந்தை ஒன்றைப் பார்த்ததாக அவர் சொல்கிறார். சரி, எடுத்த ஃபிலிமைப் போடுங்கள் என்கிறது குழு. விளக்கணைத்துப் படம் ஓடுகிறது. மேகம். மறுபடி மேகம். பெர்ட்டன் கண்ணால் கண்டது கேமராவில் விழவே இல்லை. இந்தக் கடலை என்னால் காட்ட முடியாது என்று ஓர் இயக்குநர் படம் தொடங்கிய கையோடு எழுதிக்கொடுத்த வாக்குமூலமாகவே எனக்கு அது படுகிறது. எதிர்கால நகரத்துக்கும் அவர் செட் போடவில்லை. டோக்கியோவின் மேம்பாலச் சாலைகளில் கார் ஓடுவதை ஏறக்குறைய ஐந்து நிமிடம் காட்டிவிட்டு நகர்ந்துவிட்டார்.

ராக்கெட்டும் நிலையமும் படத்துக்கு இடைஞ்சல் என்று பின்னாளில் அவரே எழுதினார். அந்த மனக்குறையை 1979-இல் ‘ஸ்டாக்கர்’ எடுத்துத் தீர்த்துக்கொண்டார். வேற்றுக்கோளார் விட்டுச்சென்ற விசித்திரப் பொருட்கள் ஸ்த்ருகாத்ஸ்கி சகோதரர்களின் மூல நாவலில் நிறைய உண்டு. படத்தில் புல்லும் தண்ணீரும் பாழடைந்த கட்டடமும் மட்டுமே. சகோதரர்கள் தங்கள் கதையைத் தாங்களே கரைத்துக் கரைத்துத் திரும்பத் திரும்பத் திரைக்கதை எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பொறுமை லெம்முக்கு இல்லை. இருந்திருக்க வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

சோடர்பெர்க் படத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜேம்ஸ் கேமரூன் தயாரிப்பு, ஜார்ஜ் க்ளூனி நடிப்பு, நேர்த்தியான 99 நிமிடம். கடல், ஜன்னலுக்கு வெளியே ஊதா வெளிச்சமாகிவிட்டது. இதில் மனைவியின் பெயர் ரேயா. அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. 1970-இல் வந்த ஆங்கில ‘சோலாரிஸ்’ போலந்து மொழியிலிருந்து வந்ததல்ல. பிரெஞ்சு மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பு. ஹாரியின் ஆங்கில எழுத்துகளை மாற்றிப்போட்டு ரேயா ஆக்கியது அதில்தான். மூலத்திலிருந்து நேரடி ஆங்கிலம் வர 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2002-இல் லெம்முக்கு எண்பதைத் தாண்டிய வயது. படத்தைப் பார்க்கவில்லை, விமர்சனங்களைப் படித்தேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, என் புத்தகத்துக்கு நான் வைத்த பெயர் விண்வெளிக் காதல் இல்லை என்று இடித்தார்.

நாவலில் ஸ்னாவ்ட் என்ற விஞ்ஞானி கெல்வினிடம் புலம்பும் இடம் ஒன்றுண்டு. நாம் வேற்று உலகம் தேடி வந்ததாகச் சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் தேடுவது முகம் பார்க்கும் கண்ணாடி என்கிறார். தார்கோவ்ஸ்கி அந்தப் பேச்சைத் தன் படத்தில் வைத்தார். வைத்துவிட்டு, முடிவில் கெல்வினை அப்பாவின் வீட்டு வாசலில் மண்டியிட வைத்தார். வீட்டுக்குள்ளேயே தண்ணீர் கொட்டுகிறது. கேமரா மேலே போகப் போக, வீடும் மரமும் அந்தக் கடலின் நடுவே மிதக்கும் ஒரு சிறு தீவு என்று தெரிகிறது. கண்ணாடியைப் பழித்த படம், கண்ணாடி முன் போய் நின்றது.

நாவலின் முடிவு வேறு. ஹாரி போய்விட்டாள்; இந்த முறை அவளாகவே சம்மதித்து அழிந்தாள். இத்தனை நாள் உயரத்திலிருந்தே பார்த்த கெல்வின், முதல்முறையாகக் கீழே இறங்கிப் பழைய மிமாய்டு ஒன்றின் கரையில் உட்காருகிறார். அலையை நோக்கிக் கையை நீட்டுகிறார். அலை தயங்குகிறது, பிறகு மேலேறிக் கையைச் சுற்றி வளைக்கிறது. ஆனால் தொடவில்லை. தோலுக்கும் அதற்கும் இடையே மெல்லிய காற்றுப்படலம் விட்டு, உறைபோலச் சூழ்ந்து நிற்கிறது. மறுபடி நீட்டினால் மறுபடி வருகிறது. சில முறைக்குப் பிறகு அதற்கு அலுத்துவிடுகிறது, வருவதில்லை.

தார்கோவ்ஸ்கி படத்திலும் இந்தக் காட்சி இல்லை, சோடர்பெர்க் படத்திலும் இல்லை. ஒரு கை, ஓர் அலை, நடுவே கொஞ்சம் காற்று. இன்றைக்கு எடுத்தால் செலவுகூட அதிகம் ஆகாது.