கரீபியன் தீவுகளுக்குச் சிக்கனப் பயணம்: தம்பதியர் திட்டமிடுவது எப்படி?

புதுதில்லி: பார்படாஸ் தலைநகர் பிரிட்ஜ்டவுனில் 2024-ஆம் ஆண்டு ஜூன் 29 அன்று நடைபெற்ற இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இந்திய அணி வெற்றி பெற்றது. ஆயினும் கோப்பையை வென்ற வீரர்களால் உடனடியாகத் தாயகம் திரும்ப இயலவில்லை. ‘பெரில்’ சூறாவளி நெருங்கியதால் அங்குள்ள விமான நிலையம் மூடப்பட்டது. சில நாட்கள் விடுதியிலேயே காத்திருந்த அணியினர், சிறப்பு விமானம் ஏற்பாடு செய்யப்பட்ட பின்னரே ஜூலை 4 அன்று தில்லி வந்து சேர்ந்தனர்.

தமது சேமிப்பைச் செலவிட்டு விடுமுறைக்குச் செல்லும் ஒரு சாதாரணத் தம்பதியருக்கு அத்தகைய சிறப்பு விமானம் கிடைக்கப் போவதில்லை. கரீபியன் பயணத்தில் பணம் வீணாவது பெரும்பாலும் கடற்கரையில் அன்று. அங்கு சென்று சேர்வதற்கு முன்பே எடுக்கப்படும் தவறான முடிவுகளால்தான். எந்த நாடு, எந்த வழி, எந்த மாதம், எத்தனை தீவுகள் என்ற நான்கு கேள்விகளுக்கு முதலில் விடை கண்டால், எஞ்சியவை எளிதாகும்.

விசா தேவைப்படாத நாடுகள்

கரீபியன் என்பது ஒரே நாடு அன்று. தனி நாடுகளும், பிரிட்டன், பிரான்ஸ், நெதர்லாந்து, அமெரிக்கா ஆகியவற்றின் ஆளுகைக்கு உட்பட்ட பகுதிகளும் அதில் அடங்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குடிவரவு விதிகள் உள்ளன.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் குறுகிய காலச் சுற்றுலாவுக்கு டிரினிடாட் டொபேகோ, பார்படாஸ், ஜமைக்கா, கிரெனடா, டொமினிகா, செயின்ட் வின்சென்ட் கிரெனடின்ஸ் ஆகிய நாடுகளுக்கு முன்கூட்டியே விசா பெறாமல் செல்லலாம். எனினும், திரும்பி வருவதற்கான பயணச்சீட்டு, தங்குமிட முகவரி, செலவுக்குப் போதிய பணம் இருப்பதற்கான சான்று ஆகியவற்றைக் குடிவரவு அதிகாரிகள் கேட்கக்கூடும். விதிகள் மாறக்கூடியவை என்பதால், பயணச்சீட்டு வாங்குமுன் அந்தந்த நாட்டின் தூதரக அறிவிப்பைச் சரிபார்ப்பது அவசியம்.

பெயர் ஒற்றுமையால் ஏற்படும் குழப்பத்தையும் தவிர்க்க வேண்டும். டொமினிகாவும் டொமினிகன் குடியரசும் வெவ்வேறு நாடுகள். பின்னதற்குச் செல்ல இந்தியர்களுக்கு அந்நாட்டு விசாவோ, அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஷெங்கன் நாடுகள் போன்றவற்றின் செல்லுபடியாகும் விசாவோ தேவை. அதேபோல், 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழ்த் தொழிலாளர்கள் கொண்டு செல்லப்பட்ட மார்த்தினிக், குவாதலூப் ஆகிய தீவுகள் இன்றும் பிரான்சின் பகுதிகளே. ஆனால் அவை ஷெங்கன் எல்லைக்குள் வருவதில்லை. எனவே வழக்கமான ஷெங்கன் விசா மட்டும் அங்கு செல்லப் போதுமானதன்று.

இடைவழி விசா என்னும் மறைமுகச் செலவு

இந்தியாவிலிருந்து கரீபியன் தீவுகளுக்கு நேரடி விமானச் சேவை இல்லை. ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ விமானம் மாறியே செல்ல வேண்டும். காத்திருப்பு நேரத்தையும் சேர்த்தால் ஒரு வழிப் பயணத்துக்கே ஏறத்தாழ ஒரு முழு நாள் ஆகும். செல்லும் நாட்டுக்கு விசா தேவையில்லை என்ற எண்ணத்தில் மலிவான பயணச்சீட்டை வாங்கிவிட்டு, விமான நிலையத்தில் திருப்பி அனுப்பப்படும் அபாயம் இங்குதான் எழுகிறது.

அமெரிக்க விமான நிலையங்களில் விமானம் மாறுவோரும் அந்நாட்டுக் குடிவரவுச் சோதனையைக் கடந்தே ஆக வேண்டும். எனவே சில மணி நேரம் மட்டுமே அங்கு இருந்தாலும் இந்தியர்களுக்கு விசா கட்டாயம். பிரிட்டனில் விமான நிலையத்தை விட்டு வெளியே செல்லாவிட்டாலும் இந்தியர்களுக்கு இடைவழி விசா தேவை. அமெரிக்கா, கனடா போன்ற சில நாடுகளின் செல்லுபடியாகும் விசா வைத்திருப்போருக்கு மட்டும் விலக்கு உண்டு. லண்டனில் ஹீத்ரோவில் இறங்கி கேட்விக்கில் ஏறும் வகையில் பயணச்சீட்டு அமைந்தால், நகருக்குள் நுழைய அனுமதிக்கும் வேறு வகை விசா வேண்டும்.

ஆகவே இரண்டு பயணச்சீட்டுகளை ஒப்பிடும்போது, அவற்றின் விலையை மட்டும் பார்த்தல் கூடாது. இருவருக்கான இடைவழி விசாக் கட்டணம், விண்ணப்ப மையக் கட்டணம், விண்ணப்பிக்கச் செல்லும் பயணச் செலவு ஆகியவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். முழுப் பயணமும் ஒரே முன்பதிவில் இருப்பதும் முக்கியம். தனித்தனியே வாங்கிய சீட்டுகளில் முதல் விமானம் தாமதமானால், அடுத்த விமானத்தைத் தவறவிட்ட இழப்பு முழுவதும் பயணியையே சேரும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி

பலரும் கவனிக்கத் தவறும் மற்றொரு விதி, திரும்பி வரும்போது நடைமுறைக்கு வருகிறது. மஞ்சள் காய்ச்சல் பரவ வாய்ப்புள்ளவை என இந்திய அரசு வகைப்படுத்தியுள்ள பகுதிகளில் டிரினிடாட் தீவும் ஒன்று. அங்கிருந்து புறப்பட்டு 6 நாட்களுக்குள் இந்தியா வருவோர் தடுப்பூசிச் சான்றிதழைக் காட்ட வேண்டும். இல்லையெனில் 6 நாட்கள் வரை தனிமைப்படுத்தப்படலாம். வேறு சில நாடுகளும் டிரினிடாட்டிலிருந்து வருவோரிடம் இச்சான்றிதழைக் கேட்பதுண்டு.

தடுப்பூசி செலுத்திய 10 நாட்களுக்குப் பின்னரே சான்றிதழ் செல்லுபடியாகும். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே அதைப் பெற இயலும் என்பதால், பயணத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்பே முன்பதிவு செய்வது நல்லது. 2016-ஆம் ஆண்டு ஜூலை முதல், ஒருமுறை பெற்ற சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும் என உலக சுகாதார அமைப்பின் விதிகள் கூறுகின்றன.

கருவுற்றிருப்போருக்கும், நோய் எதிர்ப்புத் திறன் குறைந்தோருக்கும், முட்டை ஒவ்வாமை உள்ளோருக்கும் இத்தடுப்பூசி பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. தம்பதியரில் ஒருவர் இந்நிலையில் இருந்தால், டிரினிடாட்டைத் தவிர்த்து, அப்பட்டியலில் இடம்பெறாத பார்படாஸ் போன்ற தீவைத் தேர்ந்தெடுப்பதே உகந்தது. எவ்வாறாயினும், முன்னதாக மருத்துவரின் ஆலோசனையைப் பெற வேண்டும்.

எந்த மாதத்தில் செல்வது?

டிசம்பர் நடுப்பகுதி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை அங்கு உச்சப் பருவம். வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குளிர் வாட்டும் அந்த மாதங்களில் அறை வாடகை ஏறிவிடும். டிரினிடாட்டில் கிறிஸ்தவர்களின் தவக்காலத்துக்கு முந்தைய திங்கள், செவ்வாய் ஆகிய இரு நாட்களில் நடைபெறும் கார்னிவல் திருவிழாவின்போதும், பார்படாஸில் ஆகஸ்ட் முதல் வாரத்தில் நிறைவுறும் ‘கிராப் ஓவர்’ விழாவின்போதும் விலை மேலும் உயரும்.

அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை நீடிக்கிறது. அதன் உச்சம் ஆகஸ்ட் நடுப்பகுதி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை. அப்போது அறைகள் மலிவாகக் கிடைத்தாலும், அந்த மலிவுக்குக் காரணம் உண்டு. 2024 ஜூலை 1 அன்று ‘பெரில்’ சூறாவளி கிரெனடாவின் கரியாகோ தீவைச் சிதைத்தது. 2025 அக்டோபர் 28 அன்று ‘மெலிசா’ சூறாவளி மிக உயர்ந்த ஐந்தாம் வகை வலுவுடன் ஜமைக்காவைத் தாக்கியது.

உச்சப் பருவம் முடிந்து, சூறாவளிப் பருவம் தொடங்குவதற்கு முன்புள்ள ஏப்ரல் பிற்பகுதியும் மே மாதமும் சிக்கனப் பயணத்துக்கு ஏற்றவை. வேறு வழியின்றிப் பிற்பகுதி மாதங்களில் செல்வோர், சூறாவளிகளின் வழக்கமான பாதைக்குத் தெற்கே அமைந்துள்ள டிரினிடாட் டொபேகோவைப் பரிசீலிக்கலாம். பயணக் காப்பீட்டை முன்பதிவின்போதே எடுத்துவிடுவது நல்லது. ஒரு சூறாவளி உருவாகிப் பெயரிடப்பட்ட பின்னர் வாங்கும் காப்பீடு, அதனால் நேரும் இழப்பை ஈடு செய்வதில்லை.

எத்தனை தீவுகள்?

வரைபடத்தில் அருகருகே தோன்றினாலும், தீவுகளுக்கு இடையிலான பயணம் எளிதன்று. ஜமைக்காவின் கிங்ஸ்டனிலிருந்து டிரினிடாட்டின் போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கு உள்ள வான்வழித் தூரம் 1,800 கிலோமீட்டருக்கும் அதிகம். இது தில்லிக்கும் சென்னைக்கும் இடையிலான தூரத்தை விடச் சற்றே கூடுதல். பல தீவுகளுக்கு இடையே முறையான பயணிகள் படகுச் சேவையும் இல்லை. அரசு வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் சேர்வதால், குறுகிய தூர விமானங்களுக்கும் கட்டணம் அதிகம். எனவே ஒரே பயணத்தில் நான்கைந்து தீவுகளைக் காண முயல்வதை விட, ஒரே நாட்டில் பத்து நாட்கள் தங்குவதே சிக்கனம்.

அவ்வகையில் டிரினிடாட் டொபேகோ பொருத்தமான தேர்வாகும். ஒரே நாட்டுக்குள் இரு வேறு தீவுகள் உள்ளன. அவற்றுக்கிடையே அரசின் மானியத்துடன் படகும் விமானமும் இயங்குகின்றன. விமானத்தில் 25 நிமிடங்கள். படகில் மூன்று முதல் நான்கு மணி நேரம்.

1845-ஆம் ஆண்டு மே 30 அன்று ‘ஃபாத்தல் ரசாக்’ கப்பலில் முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்கள் டிரினிடாட்டில் வந்திறங்கினர். கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் 1917 வரை இது தொடர்ந்தது. இன்று அந்நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் இந்திய வம்சாவளியினர். மே 30 அங்கு பொது விடுமுறையாகும். பொரித்த ரொட்டியில் கொண்டைக்கடலை மசாலா வைத்துத் தரும் ‘டபுள்ஸ்’ அங்குள்ள தெருக்களில் விற்கப்படும் மலிவான காலை உணவு. சைவ உணவு உண்போருக்கு இது பெரும் ஆறுதல்.

கரும்பு நிறுவனத்தின் நிலத்தில் தாம் எழுப்பிய கோயில் இடிக்கப்பட்டதால், சீவ்தாஸ் சாது என்ற தொழிலாளி கடலுக்குள் கட்டிய வாட்டர்லூ கோயில், அதற்கு அருகிலுள்ள காரபிசைமாவின் 85 அடி உயர அனுமன் சிலை, மராக்கஸ் கடற்கரை ஆகியவற்றை அதிகச் செலவின்றிக் காணலாம். மாலையில் செந்நிற அரிவாள்மூக்கன் பறவைகள் வந்தடையும் கரோனி சதுப்பு நிலத்துக்குப் படகுச் சுற்றுலா உண்டு. டொபேகோவில் 1776-ஆம் ஆண்டிலேயே சட்டப் பாதுகாப்பு பெற்ற மழைக்காடு உள்ளது.

பார்படாஸைத் தேர்ந்தெடுப்போருக்கும் வழியுண்டு. அங்குள்ள கடற்கரைகள் அனைத்தும் பொதுமக்களுக்கு உரியவை. விலையுயர்ந்த விடுதியின் முன்புள்ள மணலிலும் எவரும் அமரலாம். யுனெஸ்கோ பட்டியலில் 2011-இல் இடம்பெற்ற பிரிட்ஜ்டவுன் பழைய நகரை நடந்தே சுற்றிப் பார்க்கலாம்.

கணக்கு எவ்வாறு போடுவது?

பார்படாஸில் 2 உள்ளூர் டாலர்கள் ஓர் அமெரிக்க டாலருக்குச் சமம். கிரெனடா, டொமினிகா உள்ளிட்ட நாடுகளின் பொதுப் பணமான கிழக்குக் கரீபியன் டாலர் 2.70 கொடுத்தால் ஓர் அமெரிக்க டாலர். இவ்விரு விகிதங்களும் பல்லாண்டுகளாக மாறாதவை. ஆயினும் விலைப்பட்டியலில் வெறுமனே ‘டாலர்’ என்றிருந்தால், எந்த டாலர் எனக் கேட்டறிவது நலம்.

பார்படாஸில் எவ்வளவு தூரமாயினும் பேருந்துக் கட்டணம் 3.50 உள்ளூர் டாலர். இருவர் நாளொன்றுக்கு இருமுறை பயணித்தால் 14 உள்ளூர் டாலர், அதாவது 7 அமெரிக்க டாலர். ஓர் அமெரிக்க டாலர் 90 ரூபாய் எனக் கொண்டால் இது 630 ரூபாய் ஆகும்.

அறை வாடகையில் வேறு வகைக் கணக்கு உள்ளது. எடுத்துக்காட்டாக, ஓர் இரவுக்கு 80 அமெரிக்க டாலர் எனில் 10 இரவுகளுக்கு 800 டாலர், அதாவது 72,000 ரூபாய். அதன்மீது 10 சதவீத வரியும் 10 சதவீத சேவைக் கட்டணமும் சேர்ந்தால் தொகை 86,400 ரூபாயாக உயரும். எனவே காட்டப்படும் வாடகை இவற்றை உள்ளடக்கியதா என்பதை முன்பே உறுதி செய்ய வேண்டும். உணவு உட்பட அனைத்தும் அடங்கிய விடுதிகள், இருவர் ஓர் அறையில் தங்குவதாகக் கொண்டு ஒருவருக்கான கட்டணத்தை மட்டும் விளம்பரப்படுத்துவதுண்டு. அத்தொகையை இரட்டித்தே கணக்கிட வேண்டும்.

உணவுப் பொருட்களில் பெரும்பகுதி இறக்குமதி செய்யப்படுவதால் உணவகங்களில் விலை அதிகம். சமையலறை வசதியுள்ள சிறிய விருந்தினர் இல்லத்தில் தங்கி, உள்ளூர்ச் சந்தையில் காய்கறி வாங்கி ஒருவேளையேனும் சமைத்துக் கொள்வது கணிசமான தொகையை மிச்சப்படுத்தும்.

இந்தியாவில் வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பாக வாங்கும்போது, மூலத்தில் வசூலிக்கப்படும் வரியும் முன்கூட்டியே பிடிக்கப்படும். இதன் விகிதம் அண்மைய நிதிநிலை அறிக்கைகளில் மாறி வந்துள்ளது. வருமான வரிக் கணக்குத் தாக்கலின்போது இதை ஈடு செய்து கொள்ளலாம் என்றாலும், கையிருப்பில் அத்தொகை தேவைப்படும்.

பாதுகாப்பு

குற்றச் செயல்கள் அதிகரித்ததை அடுத்து டிரினிடாட் டொபேகோவில் 2024 டிசம்பரிலும் 2025 ஜூலையிலும் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. புறப்படுமுன் அப்போதைய நிலவரத்தை அறிவதும், இரவில் அறிமுகமில்லாத பகுதிகளில் நடமாடுவதைத் தவிர்ப்பதும் அவசியம். போர்ட் ஆஃப் ஸ்பெயினிலும் கிங்ஸ்டனிலும் இந்தியத் தூதரகங்கள் செயல்படுகின்றன. பார்படாஸ், டிரினிடாட், ஜமைக்கா உள்ளிட்ட பல நாடுகளில் ராணுவச் சீருடையின் வண்ணத் திட்டுகள் கொண்ட ஆடைகளைப் பொதுமக்கள் அணிவது சட்டப்படி குற்றம். எனவே அத்தகைய உடைகளை எடுத்துச் செல்லக் கூடாது.

முன்பதிவின் வரிசை

முதலில் கடவுச்சீட்டுகளுக்குக் குறைந்தது ஆறு மாதச் செல்லுபடிக் காலம் உள்ளதா எனப் பார்த்து, நாட்டையும் மாதத்தையும் முடிவு செய்ய வேண்டும். அடுத்து, உத்தேச வழியில் இடைவழி விசா தேவையா என்பதை உறுதி செய்த பின்னரே பயணச்சீட்டை வாங்க வேண்டும். காப்பீடும், ரத்து செய்யக்கூடிய அறை முன்பதிவும், தடுப்பூசியும் அதன்பின் வர வேண்டியவை. மலிவான பயணச்சீட்டைக் கண்டவுடன் வாங்கிவிட்டு மற்றவற்றைப் பின்னர் பார்த்துக் கொள்ளலாம் எனக் கருதுவோரே பெரும்பாலும் இருமடங்கு செலவு செய்ய நேரிடுகிறது.