வி. கே. ஆர். வி. ராவ்

விஜயேந்திர கஸ்தூரி ரங்க வரதராஜ ராவ் (8 சூலை 1908 – 25 சூலை 1991) இந்தியப் பொருளியலாளர், கல்வியாளர், அரசியல்வாதி. காஞ்சிபுரத்தில் பிறந்தவர். மும்பையிலும் பின்னர் கேம்பிரிட்ஜிலும் பயின்றார். கேம்பிரிட்ஜில் இவர் கெயின்சின் மாணவர்.

நாட்டு வருமான ஆய்வு

தாதாபாய் நௌரோஜி 1867–68ஆம் ஆண்டுக்கு இந்தியரின் தலா வருமானத்தை 20 ரூபாய் எனத் தோராயமாகக் கணித்திருந்தார். ராவ் 1931–32ஆம் ஆண்டுக்கு முறையான கணக்கீட்டைச் செய்தார். வேளாண்மை, சுரங்கம் போன்றவற்றுக்கு உற்பத்தி மதிப்பையும், பணித்துறைகளுக்கு அவற்றில் ஈடுபட்டோரின் வருமானத்தையும் சேர்த்துக் கணக்கிட்டார். 1949இல் மகலனோபிசு தலைமையில் அமைந்த நாட்டு வருமானக் குழுவில் இவரும் உறுப்பினர்.

பெருக்கி பற்றிய கருத்து

மந்தநிலையில் அரசு செலவிட்டால், மூடிக்கிடக்கும் ஆலைகள் இயங்கி, வருமானம் பன்மடங்கு பெருகும் என்பது கெயின்சின் பெருக்கிக் கோட்பாடு. இது இந்தியாவுக்கு அப்படியே பொருந்தாது என்று 1952இல் வெளியான கட்டுரையில் ராவ் வாதிட்டார். இங்கு வேலையின்மை குடும்ப நிலங்களுக்குள் மறைந்துள்ளது. கூடுதல் பணம் புழங்கினாலும் விளைச்சல் உடனே கூடாது. எனவே உற்பத்தியைவிட உணவுப்பொருள் விலையே அதிகம் உயரும். ஏழை நாட்டுக்குக் கூடுதல் உழைப்பும் சேமிப்புமே மருந்து என்றார். ஆசிரியரின் கோட்பாட்டை மாணவரே வரையறுத்துக் காட்டிய இக்கட்டுரை வளர்ச்சிப் பொருளியலில் இன்றும் பேசப்படுகிறது.

நிறுவனங்கள்

தில்லிப் பொருளியல் பள்ளி (1949), தில்லியிலுள்ள பொருளாதார வளர்ச்சி நிறுவனம் (1958), பெங்களூரிலுள்ள சமூக, பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனம் (1972) ஆகியவை இவர் உருவாக்கியவை. 1957 முதல் 1960 வரை தில்லிப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். ஏழை நாடுகளுக்குக் குறைந்த வட்டியில் நீண்டகாலக் கடன் தர ஐக்கிய நாடுகள் அவை ஓர் அமைப்பை ஏற்படுத்த வேண்டும் என 1949இல் முன்மொழிந்தார். 1960இல் உலக வங்கியின் கீழ் தோன்றிய பன்னாட்டு வளர்ச்சிக் கழகத்துக்கு இது முன்னோடிக் கருத்துகளுள் ஒன்று.

அரசியல்

1963 முதல் 1966 வரை திட்டக்குழு உறுப்பினராக இருந்த ராவ், 1967இலும் 1971இலும் காங்கிரசு சார்பில் பெல்லாரி மக்களவைத் தொகுதியில் வென்றார். 1967–69இல் போக்குவரத்து, கப்பல் துறை அமைச்சராகவும், 1969–71இல் கல்வி அமைச்சராகவும் பணியாற்றினார். இவர் கல்வி அமைச்சராக இருந்தபோது, காந்தி நூற்றாண்டையொட்டி, 24 செப்டம்பர் 1969 அன்று நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்டது. கல்லூரி மாணவர்கள் ஊர்களுக்குச் சென்று பணியாற்றும் இத்திட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது.

1974இல் இவருக்குப் பத்ம விபூசண் விருது வழங்கப்பட்டது.