கோணல் வீட்டில் நேர்கோடு

பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் ஒரு காலத்தில் சலவைக்கல் தளம் இருந்தது. கழுவக் கழுவ நீர் உள்ளே இறங்கி, அடியில் தாங்கி நின்ற மரச்சட்டங்கள் இற்றுப்போயின. 1684இல் கல்லை அகற்றிவிட்டு ஓக் மரத்தில் கட்டம் கட்டமாகத் தளம் போட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் அரசு அதிகாரி ஓஸ்மான் பாரிஸைத் திருத்தியமைத்தபோது எழுந்த அடுக்குமாடி வீடுகளிலும் ஓக் தளமே வழக்கம். வரவேற்பறையில் குறுகிய பலகைகள் எதிரெதிராகச் சாய்ந்து மீன்முள் போல ஓடும்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் பலகையின் முனை சதுரமாகவே இருக்கும். ஒன்றன் முனை அடுத்ததன் பக்கவாட்டில் முட்டும். மற்றொன்றில் முனைகளைச் சாய்வாக அறுத்திருப்பார்கள். இருபுறப் பலகைகளும் ஒரே நேர்கோட்டில் சந்திக்கும். சாய்வாக அறுப்பதில் மரம் கூடுதலாக வீணாகும், வேலையும் அதிகம்.

பழைய வீட்டில் இந்தத் தளம் போட வரும் தச்சருக்கு முதல் சவால் அடித்தளம். சட்டங்கள் நடுவில் தொய்ந்திருக்கும். ரசமட்டம் வைத்துப் பார்த்து, தாழ்ந்த இடத்தில் ஆப்பு கொடுத்து உயர்த்த வேண்டும். புதுப் பலகைகளையும் உடனே அடித்துவிட முடியாது. ஈரப்பதத்துக்கு ஏற்ப மரம் அகலவாக்கில் விரியும், சுருங்கும். நீளவாக்கில் மாற்றம் மிகக் குறைவு. அதனால் பலகைக் கட்டுகளைப் பிரித்து, அதே அறையில் சில நாள் கிடக்க விடுவார்கள்.

அடுத்த சிக்கல் சுவர்கள். பழைய வீட்டில் எதிரெதிர்ச் சுவர்கள் இணையாக இருப்பது அபூர்வம். சுவரை நம்பி வேலையைத் தொடங்கினால் அதன் கோணல் தளம் முழுக்கப் பரவும். எனவே அறையின் நடுவில் சுண்ண நூல் தட்டி ஒரு கோடு போடுவார்கள். குறுக்குக் கோட்டுக்கு 3, 4, 5 அளவு. கோடுகள் வெட்டும் இடத்திலிருந்து ஒரு கோட்டில் 3 அடி, மற்றதில் 4 அடி குறித்து, இரு குறிகளுக்கும் இடையே 5 அடி வந்தால் மூலைமட்டம் சரி. முதல் ஜோடிப் பலகைகள் இந்தக் கோட்டில்தான் உட்காரும். அங்கே ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் வரிசைக்கு வரிசை அது பெருகும்.

ஒரு பலகையின் ஓரத்தில் நீட்டியிருக்கும் நாக்கு, அடுத்ததன் ஓரத்திலுள்ள காடிக்குள் நுழையும். ஆணியை நாக்கின் மேல் சாய்வாக அடிப்பதால், அடுத்த பலகை வந்ததும் அது மறைந்துவிடும். சுவரோரம் மரம் விரிய விட்ட இடைவெளியைச் சுவரடிப் பட்டையான ஸ்கர்டிங் மூடும்.

பாரிஸில் அப்படியொரு அறைக்குள் போனால் ஓரத்தைக் கவனியுங்கள். சுவரை ஒட்டிய வரிசை ஒரு முனையில் அகன்று மறுமுனையில் ஒடுங்கியிருந்தால், கோணல் சுவருடையது. தச்சர் அதை அங்கேயே நிறுத்திவிட்டார்.