செட்டிங்ஸை அழிப்பது யார்?

ரெசல்யூஷனைக் குறைத்து, நிழல்களை அணைத்து, தண்ணீரில் தெரியும் பிம்பங்களையும் விட்டுக்கொடுத்து, ஒருவழியாக கேமைத் திக்காமல் ஓடவைத்தாயிற்று. மறுநாள் திறந்தால் எல்லாம் பழையபடி. மறுபடி மாற்றினால் மறுபடி அழிகிறது. கடலூர் மாவட்டக் கம்மாபுரத்திலிருந்து விருத்தாசலத்துக்கோ நெய்வேலிக்கோ லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனால், பழுதுபார்க்கும் கடையில் ‘ஓ.எஸ். புதுசா போட்டுடலாம்’ என்ற பதில் காத்திருக்கும். விளையாடுகிறவரோ கிராஃபிக்ஸ் கார்டின் மேல் பழி போடுவார். இரண்டுமே அவசரத் தீர்ப்பு. படம் வரையும் பாகத்துக்கு இந்தக் கோளாறில் பெரும்பாலும் பங்கே கிடையாது. நாம் மாற்றியதை கேம் ஒரு சின்னக் கோப்பில் குறித்துவைக்க வேண்டும். அடுத்த முறை திறக்கும்போது அதைப் படித்து நம்ப வேண்டும். எழுத முடியாமல் போகிறது, அல்லது எழுதியதை நம்ப முடியாமல் போகிறது. எது நடந்தது என்பதை அந்தக் கோப்பு கடைசியாக எழுதப்பட்ட தேதியும் நேரமுமே சொல்லிவிடும்.

கிராஃபிக்ஸ் செட்டிங்ஸ் என்பது ஏதோ அலங்காரம் என்று நினைப்பவர்கள் விலை உயர்ந்த கணினி வைத்திருப்பவர்களாகத்தான் இருப்பார்கள். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் வழியாக அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களின் வீடுகளுக்கு முதன்முறையாகக் கணினி வந்தது. படிக்கக் கொடுத்ததில் விளையாடவும் செய்தார்கள்; 2003-இல் கணினிக்கு வந்த ‘ஜிடிஏ வைஸ் சிட்டி’ பென் டிரைவ் வழியாகவே ஊர் ஊராகப் போனது. அந்த லேப்டாப்புகளில் கிராஃபிக்ஸுக்கென்று தனி கார்டு இல்லை. பிராசசரோடு ஒட்டியிருக்கும் கிராஃபிக்ஸ், தனக்கு வேண்டிய நினைவகத்தைப் பொது ரேமிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட கணினியில் செட்டிங்ஸ் பழைய நிலைக்குப் போனால் கேமே ஓடாது. வசதியான கணினியில் அதே கோளாறு வந்தாலும் யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

முதலில் எழுத முடியாத கதை. பழைய கேம்கள், தாம் நிறுவப்பட்ட ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டருக்குள்ளேயே செட்டிங்ஸை எழுதிவைக்கும் வழக்கமுடையவை. 2007-இல் வந்த விண்டோஸ் விஸ்டா அதற்குத் தடை போட்டது. வைரஸ்களைக் கட்டுப்படுத்த அது தேவையாகவும் இருந்தது. ஆனால் பழைய புரோகிராம்கள் நின்றுவிடக் கூடாதே என்று விண்டோஸ் ஒரு தந்திரம் செய்தது. புரோகிராம் எழுதுவதைச் சத்தமில்லாமல் வாங்கி, ‘விர்ச்சுவல் ஸ்டோர்’ என்ற வேறொரு ஃபோல்டரில் போட்டுவைத்தது. இங்கேதான் நம் ஊர்ப் பரிந்துரை ஒன்று பிரச்சினையைப் பெரிதாக்குகிறது. ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுத்துப் பார்’ என்கிறார்கள். அப்படித் திறந்தால் கேம் அசல் ஃபோல்டரில் எழுதும். மறுநாள் சாதாரணமாகத் திறந்தால் விர்ச்சுவல் ஸ்டோரில் கிடக்கும் பழைய நகலைப் படிக்கும். ஆக ஒரே கோப்புக்கு இரண்டு பிரதிகள். மாற்றியது ஒருநாள் இருக்கிறது, ஒருநாள் இல்லை என்று புலம்புகிறவர்கள், எந்த நாளில் எப்படித் திறந்தோம் என்று யோசித்துப் பார்க்கலாம். விண்டோஸ் 10-இல் 2017-இல் சேர்ந்த ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ என்ற காவலும், யாராவது அதை இயக்கியிருந்தால், அறிமுகமில்லாத கேம்களை ‘டாக்குமென்ட்ஸ்’ ஃபோல்டரில் எழுத விடாது.

நம்பாத கதை இன்னும் சுவையானது. பல கேம்கள் செட்டிங்ஸோடு கிராஃபிக்ஸ் சிப்பின் அடையாளத்தையும் குறித்துக்கொள்கின்றன. அடுத்த முறை வேறு சிப் கண்ணில் பட்டால், ‘கணினி மாறிவிட்டது’ என்று முடிவுகட்டி எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கும். இன்டெல், என்விடியா என இரண்டு சிப்புகள் உள்ள லேப்டாப்புகளில், மின்சாரத்தை மிச்சப்படுத்த வேலையை இரண்டுக்கும் இடையே மாற்றிவிடும் ‘ஆப்டிமஸ்’ முறை 2010-இல் வந்தது. கேம் இன்று ஒரு சிப்பைப் பார்க்கும், நாளை இன்னொன்றை. இதற்கு மருந்து, டிரைவரின் கன்ட்ரோல் பேனலில் அந்த கேமுக்கு இந்தச் சிப்தான் என்று ஒன்றை நிலையாக ஒதுக்கிவிடுவது. அடுத்தது மின்வெட்டு. பேட்டரி செத்துப்போன பழைய லேப்டாப், கரண்ட் போனதும் சட்டென்று அணைந்துவிடும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டதற்குப் பிந்தைய மின்வெட்டுக் காலத்தில், நெய்வேலி அனல்மின் நிலையங்களுக்குப் பக்கத்து ஊர்களில்கூட இது அன்றாட அனுபவம். கோப்பு எழுதப்படும் நொடியில் கரண்ட் போனால் என்ன ஆகும்? விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். முறை, கோப்பின் பெயரும் அளவும் கெடாமல் பார்த்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் எழுத்துகளுக்கு அது பொறுப்பேற்பதில்லை. கோப்பு இருக்கும், திறந்தால் வெறும் சுழியங்கள். கேமும் அதைக் குப்பை என்று ஒதுக்கிவிடும். முதலில் தற்காலிகக் கோப்பில் முழுதாக எழுதி, பிறகு பெயரை மாற்றும் எளிய உத்தியால் இதைத் தடுக்கலாம். அந்தப் பொறுமை எல்லா கேம் நிறுவனத்துக்கும் இருப்பதில்லை.

நமக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. விண்டோஸில் கணக்குத் தொடங்கும்போது பெயரைத் தமிழில் தட்டினால், அந்தப் பெயரிலேயே ஃபோல்டர் உருவாகும். கேமின் செட்டிங்ஸும் அதற்குள்தான் போகவேண்டும். பழைய பாணியில் எழுதப்பட்ட கேம்கள் கோப்பின் முகவரியை யூனிகோடில் கேட்பதில்லை. மொழிக்கொன்றாக இருந்த ‘கோடு பேஜ்’ எனும் பழைய எழுத்து அட்டவணை வழியாகக் கேட்கின்றன. ரஷ்ய மொழிக்கு 1251, தாய்லாந்து மொழிக்கு 874, ஜப்பானியத்துக்கு 932 என்று விண்டோஸில் அட்டவணைகள் இருந்தன. தமிழுக்கு அப்படி ஒன்று இருந்ததே இல்லை, இந்திக்கும் இல்லை. விண்டோஸுக்குள் தமிழ் நேராக யூனிகோடாகவே வந்தது. ஆகவே அந்த கேமின் கண்ணுக்குத் தமிழ்ப் பெயர் வரிசையாகக் கேள்விக்குறிகளாகத் தெரிகிறது. கோப்புப் பெயரில் கேள்விக்குறியை விண்டோஸ் அனுமதிப்பதில்லை என்பதால் முகவரியே செல்லாததாகிவிடுகிறது. எழுதவும் முடியாது, படிக்கவும் முடியாது; ஒவ்வொரு முறையும் கேமுக்கு அது முதல் நாள்தான்.

‘கோப்பை ரீட் ஒன்லி ஆக்கிவிட்டால் தீர்ந்தது’ என்று சிலர் வாதாடுவார்கள். நல்ல செட்டிங்ஸை வேறு யாராவது மேலெழுதும்போது அது பலிக்கும். உதாரணமாக, கேம் வாங்கும் தளமான ஸ்டீமின் ஒரே கணக்கை இரண்டு கணினிகளில் வைத்திருந்து, மற்றொன்றின் பழைய செட்டிங்ஸ் கிளவுடிலிருந்து இறங்கும்போது. அங்கேகூட, அந்த கேமுக்கு மட்டும் கிளவுடை நிறுத்துவதே நேரான வழி. எழுத முடியாததே நோயாக இருக்கும்போது பூட்டுப் போடுவதில் என்ன பயன்? ‘அழித்துவிட்டுப் புதிதாக நிறுவினால்?’ என்பது அடுத்த கேள்வி. கேமை நீக்கினாலும் பயனர் ஃபோல்டரில் உள்ள செட்டிங்ஸ் கோப்பு பெரும்பாலும் அப்படியே கிடக்கும். கெட்டுப்போன கோப்போடு புது கேம் குடித்தனம் தொடங்கும். கோப்பை மட்டும் நீக்கிவிட்டால் கேம் புதிதாக ஒன்றை எழுதிக்கொள்ளும். வைஸ் சிட்டிக்கு அந்தக் காலத்திலிருந்தே இதுதான் கை வைத்தியம். இன்னும் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: சந்தேகம் வந்தவுடன் எல்லாவற்றையும் அழிப்பது மோசமான வடிவமைப்பு இல்லையா? அழிப்பதில் நியாயம் இருக்கிறது. மானிட்டரால் காட்ட முடியாத ரெசல்யூஷனை நம்பித் திறந்தால் திரை கறுத்துப்போய், மாற்றுவதற்கு மெனுகூடத் தெரியாது. ஆனால் ஏன் அழித்தேன் என்று ஒரு வரி சொல்லாமல் அழிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

எனவே கடைக்குப் போகும் முன் இதைச் செய்து பாருங்கள். செட்டிங்ஸை மாற்றி, மெனு வழியாக முறையாக வெளியேறி, கோப்பின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். நேரம் மாறவில்லை என்றாலோ கோப்பே இல்லை என்றாலோ, அனுமதியையும் ஃபோல்டர் பெயரையும் கவனியுங்கள். மாறியிருந்தும் அடுத்த முறை அழிந்தால், கோப்பை நீக்கிப் பாருங்கள்; சிப்பை நிலைப்படுத்துங்கள். தமிழ்ப் பெயர்தான் காரணம் என்றால், திரையில் தெரியும் பெயரை மாற்றிப் பயனில்லை. ஃபோல்டர் முதலில் வைத்த பெயரிலேயே இருக்கும். ஆங்கில எழுத்தில் புதுக் கணக்கு தொடங்கி, பிறகு அதன் பெயரைத் தமிழாக்கிக்கொள்ளலாம். யூனிகோடில் முகவரி கேட்கும் வசதி 1993-இல் வந்த விண்டோஸ் என்.டி. முதலே இருக்கிறது, அதைப் பயன்படுத்தாதது கேம் எழுதியவர்களின் குறை, தமிழில் பெயர் வைத்தவரின் குறை அல்ல.