பேரரசரும் வாக்குச் சீட்டும்

தேர்தல் காலத்தில் தோட்டத்து லயங்களில், அடுத்தடுத்த வாசல்களில் வெவ்வேறு கட்சிக் கொடிகள் பறப்பதைக் காண்கிறோம். ஒரே பிரட்டுக் களத்தில் நிற்போர் கொடியின் பொருட்டு முகங்கொடுத்துப் பேசாமற்போவதும் உண்டு. இதைக் காணும் முதியோர், "இத்தனை கட்சிகள் இருந்தால் ஒற்றுமை எங்கிருந்து வரும்?" என்று வருந்துகின்றனர். இளைஞர் சிலரோ, "அரசர் இருக்கும் நாட்டில் நம் ஒரு வாக்கினால் ஆவதென்ன?" என்று கேட்கின்றனர். இவ்விரண்டுக்கும் விடை காண, பேரரசரின் பதவி எத்தகையது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

நம் நாட்டின் அரியணை ஒரு குடும்பத்துக்கே உரியதன்று. ஒன்பது மலாய் மாநிலங்களின் ஆட்சியாளர்கள் கூடி, தங்களுள் ஒருவரை 5 ஆண்டுகளுக்குப் பேரரசராகத் தேர்ந்தெடுக்கின்றனர். இரகசிய வாக்கெடுப்பில் குறைந்தது 5 வாக்குகள் பெற்றவரே அப்பதவிக்கு வரமுடியும். ஆளுநர்களைக் கொண்ட பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக் மாநிலங்களுக்கு இத்தேர்வில் பங்கில்லை. 1957ஆம் ஆண்டில் முதற் பேரரசரானவர் நெகிரி செம்பிலானின் துவாங்கு அப்துல் ரஹ்மான். அம்மாநிலத்தில் ஆட்சியாளரையே 'உண்டாங்' எனப்படும் நான்கு தலைவர்கள் தேர்ந்தெடுப்பது பழைய வழக்கம். வாக்கு என்பது நமக்கு மட்டும் உரியதென்று எண்ணியிருப்போர்க்கு இது புதிய செய்தியாக இருக்கலாம்.

பேரரசர் பொதுவாக அமைச்சரவையின் ஆலோசனைப்படியே செயற்படுகின்றார். ஆயினும், பிரதமரை நியமிப்பதும், நாடாளுமன்றத்தைக் கலைக்குமாறு வரும் வேண்டுகோளுக்கு இணங்க மறுப்பதும் அவருடைய சொந்த முடிவுக்கு விடப்பட்டுள்ளன. மக்களவையில் பெரும்பான்மையினரின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்று தாம் கருதும் உறுப்பினரை அவர் பிரதமராக்குகின்றார். அவ்வுறுப்பினர்களை அங்கு அனுப்புகிறவர்கள் யார்? பால்மரம் சீவுகிறவரும் செம்பனைக் குலை அறுப்பவரும் அவர்களுள் அடங்குவர்.

2022 நவம்பர் 19ஆம் நாள் நடந்த பொதுத்தேர்தலை எடுத்துக்கொள்வோம். மக்களவையின் 222 இடங்களில் ஆட்சியமைக்கத் தேவையான 112 இடங்கள் எந்தக் கூட்டணிக்கும் கிட்டவில்லை. நாடு ஐந்து நாள் புதிய பிரதமருக்காகக் காத்திருந்தது. அப்போது பேரரசராக இருந்த பகாங் சுல்தான் அப்துல்லா கட்சித் தலைவர்களை அழைத்துப் பேசினார். மலாய் ஆட்சியாளர்களையும் கலந்தார். நவம்பர் 24ஆம் நாள் டத்தோ ஸ்ரீ அன்வார் இப்ராஹிம் பிரதமராகப் பதவியேற்றார். நெடுங்காலம் எதிரெதிரே நின்ற கட்சிகள் ஒரே அரசாங்கத்தில் அமர்ந்தன. தேர்தல் மேடையில் ஒருவரையொருவர் கடுஞ்சொல்லால் தாக்கியவர்களே அவ்வாறு கூடி அமர முடியுமாயின், அவர்கள் பொருட்டு லயத்தில் அண்டை வீட்டாரோடு பேசாதிருப்பது சற்று நகைப்புக்குரியதே.

பேரரசர் எக்கட்சியையும் சார்ந்தவர் அல்லர். ஆகவே அரசாங்கத்தின் கொள்கையைக் குறைகூறும் குடிமகன் பேரரசருக்கு விசுவாசமற்றவன் ஆகான். எதிர்க்கட்சிக்கு வாக்களித்தவரும் 'பேரரசருக்கும் நாட்டிற்கும் விசுவாசம் செலுத்துதல்' என்னும் ருக்குன் நெகாராக் கோட்பாட்டை அதே உரிமையோடு சொல்லலாம். 1970 ஆகஸ்ட் 31ஆம் நாள் பிரகடனம் செய்யப்பட்ட அக்கோட்பாடுகளில் அரசியலமைப்பின் மேன்மையும் சட்டத்தின் ஆட்சியும் அதனை அடுத்தே இடம்பெற்றுள்ளன. ஆட்சியாளர்களும் சட்டத்திற்குப் புறம்பானவர்கள் அல்லர். 1993ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின், அவர்களுடைய தனிப்பட்ட செயல்கள் குறித்த வழக்குகளை விசாரிக்கச் சிறப்பு நீதிமன்றம் ஒன்று ஏற்படுத்தப்பட்டது.

நம்மவர் பெரிதும் பேசும் 153ஆம் விதியையும் முழுமையாகப் படிக்க வேண்டும். மலாய்க்காரர்கள், சபா சரவாக் பூர்வகுடியினர் ஆகியோரின் சிறப்பு நிலையைக் காப்பது பேரரசரின் பொறுப்பென்று அது கூறுகின்றது. பிற இனத்தவரின் நியாயமான நலன்களைக் காப்பதும் அவருடைய பொறுப்பென்று அதே வாக்கியம் தொடர்கின்றது. முற்பகுதியை மட்டும் சொல்லி மனம் புழுங்குவோர் பிற்பகுதியை ஏனோ மறந்துவிடுகின்றனர். தம் குறைகளை நாடாளுமன்ற உறுப்பினரிடம் எடுத்துரைக்கும் தொழிலாளி இரந்து நிற்கவில்லை. அரசியலமைப்பில் எழுதப்பட்டதையே கேட்கின்றார்.

2021 டிசம்பர் 15 முதல் 18 வயது நிறைந்த குடிமக்கள் தாமாகவே வாக்காளராகப் பதிவு செய்யப்படுகின்றனர். எந்தத் தொகுதியில் வாக்களிப்பது என்பதை அடையாள அட்டையிலுள்ள முகவரியே முடிவு செய்கின்றது. தோட்டம் துண்டாடப்பட்டு நகர்ப்புறக் குடியிருப்புக்குச் சென்றபின்னும் பழைய லயத்து முகவரியையே வைத்திருப்போர், வாக்களிப்பு நாளில் நெடுந்தொலைவு பயணம் செய்ய நேரிடும். தேசியப் பதிவிலாகாவில் முகவரியை இப்போதே மாற்றிக்கொள்ளலாம்.