யுத்த காலமும் எல்லைச் சாவடியும்

ஒருவன் தன் தேசத்தை விட்டு வெளியேறுதல் சமாதான காலத்தில் அவனது சொந்தக் காரியம். யுத்த காலத்திலோ அது ராஜாங்கக் காரியமாகி விடுகின்றது. இம்மாற்றம் சட்ட முறையில் எவ்வாறு நிகழ்கின்றதென்பதை உக்ரேன் தேசத்தை உதாரணமாகக் கொண்டு ஈண்டு விளக்குவாம்.

2022-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 24-ந் தேதி ருஷ்யச் சேனை அந்நாட்டினுட் புகுந்தது. அன்றே ராணுவச் சட்டம் பிரகடனம் செய்யப்பட்டது. முதலில் 30 நாட்களுக்கென ஏற்பட்ட அச்சட்டம், பின்னர்ப் பெரும்பாலும் 90 நாட்களுக்கொரு முறை பார்லிமெண்டின் சம்மதத்தோடு நீட்டிக்கப்பட்டு வந்தது. அதனுடன், 18 முதல் 60 வயது வரையுள்ள ஆண் பிரஜைகள் எல்லை கடப்பதும் தடுக்கப்பட்டது. மனைவி மக்களைச் சாவடிக்கு அப்பால் அனுப்பிவிட்டுத் தனியே திரும்பிய தகப்பன்மார் பலர். அங்கே வைத்தியம் பயின்ற நம் தமிழ் மாணவரோ, அந்நியப் பிரஜைகளாதலின், அத்தடைக்கு உட்படாது அண்டை நாடுகள் வழியாக ஊர் வந்து சேர்ந்தனர்.

இத்தடைக்கு ஆதாரம் யாது? அந்நாட்டு அரசியலமைப்பின் 33-வது விதி, சட்டம் விதிக்கும் கட்டுப்பாடுகளுக்குட்பட்டு, நாட்டை விட்டு வெளியேறும் உரிமையை அளிக்கின்றது. 64-வது விதி, ராணுவச் சட்ட காலத்தில் உரிமைகளைச் சுருக்கலாமென்று கூறி, அப்போதும் தொடலாகாத விதிகளை எண்ணிக் காட்டுகின்றது. அவ்வெண்ணிக்கையில் 33 இல்லை. 1966-ம் வருஷத்துச் சர்வதேச உடன்படிக்கையும் தேசப் பாதுகாப்பின் பொருட்டு இவ்வுரிமையைச் சட்டத்தால் வரையறுக்க இடந்தருகின்றது. ஆனால் இன்னார் போகலாம், இன்னார் போகலாகாது என்பதைப் பிரித்துக் கூறுவன 1995-ம் வருஷத்து மந்திரிசபை விதிகளும் அவற்றின் திருத்தங்களுமே. இத்துணைப் பெரிய உரிமையைப் பார்லிமெண்டு தானே வகுக்காமல் மந்திரிசபையின் திருத்தத்துக்கு விட்டது எமக்கு உசிதமாகத் தோன்றவில்லை.

விதிவிலக்குகளிலேதான் சட்டத்தின் உள்ளக் கருத்து வெளியாகின்றது. 18 வயதுக்குட்பட்ட குழந்தைகள் மூவர்க்கு மேற்படினும், மூவரேயாயினும், அவர்தம் தகப்பன் போகலாம். அங்கவீனர் போகலாம், அங்கவீனக் குழந்தையைப் பேணுவோனும் போகலாம். மூன்று குழந்தைகளின் தகப்பனுக்குச் சேனையழைப்பினின்று கிடைக்கும் விலக்கு, ஜீவனாம்சத்தை மூன்று மாதத் தொகைக்கு மேற் பாக்கி வைத்தவனுக்குக் கிடையாது! குழந்தைகளின் தொகையை மட்டுமன்றி, அவர்களை அவன் போஷிக்கின்றானா என்பதையும் சட்டம் கேட்கின்றது.

அனுமதியின்றி எல்லை கடப்போர்க்கு அபராதமாவது 15 நாட்கள் வரை காவலாவது உண்டு. அதனினும் கொடியது வழி. ருமேனிய எல்லையிலோடும் டீஸா நதியை இரவில் நீந்த முயன்று குளிரிலும் சுழலிலும் மாண்டோர் பலர்.

இனி வயதைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டாயமாய்ச் சேனைக்கு அழைக்கும் குறைந்த வயது, 27-ஆக இருந்தது, 2024-ம் வருஷம் ஏப்ரலில் 25-ஆயிற்று. 2025-ம் வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசியில் மந்திரிசபை, 18 முதல் 22 வயது முடிய உள்ளவர்கள், அரசாங்கப் பதவி வகிப்போர் சிலர் நீங்கலாக, பாஸ்போர்ட்டும் ராணுவப் பதிவுப் பத்திரமும் காட்டி வெளியேறலாமென்று விதியைத் திருத்தியது. ஆகவே 23, 24 வயதினர் நிலை விசித்திரமாயிற்று. அவர்களைப் பொதுவாகச் சேனைக்கு வலிந்து அழைப்பதுமில்லை. எல்லை கடக்க விடுவதுமில்லை. நம் கல்லூரி வகுப்புக்களில் அமர்ந்திருப்போரிற் பெரும்பாலார் அக்கோட்டுக்கு இப்பாலும், இளைய ஆசிரியர் சிலர் அப்பாலும் நிற்கும் வயதினரே.