ஆகாயத்தில் மௌனம்: விமானியின் குரல் கேட்காவிட்டால்...

இந்தச் சஞ்சிகையைக் கையில் எடுக்கும் நாம் எல்லோரும் ஒரு தடவையாவது விமானமேறி வந்தவர்கள்தாம். பெற்றோரைக் கூப்பிடவும், உறவினரின் கலியாண வீடுகளுக்குப் போகவும் இனியும் ஏறத்தான் போகிறோம். நாம் உண்டு உறங்கி வரும் நேரமெல்லாம் விமானிகள் நிலத்திலுள்ள யாரோ ஒருவருடன் தொடர்பிலேயே இருக்கிறார்கள். அந்தத் தொடர்பு அறுந்துபோனால் என்ன நடக்கும்? இம்முறை அதைப் பார்ப்போம்.

யாருடன் பேசுகிறார்கள்?

வானம் பல பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு பிரிவுக்கும் கட்டுப்பாட்டாளரும் தனியான வானொலி அலைவரிசையும் உண்டு. விமானம் ஒரு பிரிவின் எல்லையை அடையும்போது, அடுத்த பிரிவின் அலைவரிசை எண் விமானிக்குச் சொல்லப்படும். அவர் அதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திய பின்னரே மாற்றிக்கொள்வார். இந்த அலைகள் நேர்கோட்டிலேயே செல்பவை. ஆகவே நடுக்கடலில் தூரம் செல்லும் வேறு வானொலியையோ, செய்மதி வழியான எழுத்துச் செய்தியையோ பயன்படுத்துகிறார்கள்.

ஏன் அறுகிறது?

கருவி பழுதாவதுதான் காரணம் என்று நாம் நினைப்போம். ஆனால் பயணிகள் விமானத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வானொலிக் கருவிகள் இருப்பதால் அது குறைவு. சிறு தவறுகளே பெரும்பாலும் காரணம்: எண்ணில் ஓர் இலக்கம் பிழைத்துவிடும், மாற்றும்படி சொன்னது காதில் விழாது, ஒலியைக் குறைத்தவர் கூட்ட மறந்துவிடுவார், பேசும் பொத்தான் அழுத்தியபடியே சிக்கிக்கொள்ளும். இப்படிச் சிக்கினால் அந்த அலைவரிசையில் வேறு எவரும் பேச முடியாது.

முன்பே எழுதி வைத்த விதிகள்

பேச்சு நின்றாலும் விமானம் வழி தெரியாமல் அலைவதில்லை. 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையின் வழியே வந்த சர்வதேச விதிகள் இதற்கும் உண்டு. விமானத்திலுள்ள ட்ரான்ஸ்பொண்டர் என்ற கருவியில் விமானி 7600 என்ற எண்ணை இடுவார். கட்டுப்பாட்டாளரின் ராடர் திரையில் அது தெரிந்ததும், இவருக்குப் பேச முடியவில்லை என்பது விளங்கிவிடும். கடத்தலுக்கு 7500, வேறு ஆபத்துக்கு 7700. தவிர 121.5 மெகாஹேர்ட்ஸ் என்ற பொது அவசர அலைவரிசையும் உண்டு. மற்ற விமானங்கள் அதைக் கேட்டுக்கொண்டிருப்பதால், பக்கத்தில் பறப்பவர் மூலமாகவும் செய்தி அனுப்பலாம்.

வானம் தெளிவாக இருந்தால், விமானி பொருத்தமான கிட்டிய விமான நிலையத்தில் இறங்க வேண்டும். முகிலுக்குள் என்றால், கடைசியாகச் சொல்லப்பட்ட உயரத்தையும் வேகத்தையும் ராடர் கண்காணிப்பில் 7 நிமிடங்களும், அது இல்லாத இடத்தில் 20 நிமிடங்களும் மாற்றாமல் வைத்திருந்து, பின்னர் முன்கூட்டிக் கொடுத்த பயணத் திட்டப்படி போவார். அவர் எப்போது எங்கே வருவார் என்று கீழே இருப்பவர்களுக்கு முன்பே தெரியும் என்பதால், மற்ற விமானங்களை விலக்கி வழிவிடுவார்கள்.

கோபுரத்தில் ஒளி விளக்கும் உண்டு. வானிலுள்ள விமானத்துக்கு நிலையான பச்சை ஒளி என்றால் இறங்கலாம். நிலையான சிவப்பு என்றால் வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிரு. மினுங்கும் சிவப்பு என்றால் இறங்காதே. பகலில் சிறகுகளை ஆட்டி விமானி பதில் சொல்வார்.

மௌனத்துக்குப் பல அர்த்தம்

2009 ஒக்ரோபர் 21 அன்று, சான் டியேகோவிலிருந்து மினியாபொலிஸ் நோக்கிப் போன நோர்த்வெஸ்ற் 188 விமானம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பதில் சொல்லவில்லை. இறங்கவேண்டிய நகரைத் தாண்டிச் சுமார் 150 மைல் போய்விட்டது. போர் விமானங்கள் தயார்நிலையில் வைக்கப்பட்டன. எப்போது இறங்குவோம் என்று பணிப்பெண் கேட்டபோதுதான் விமானிகளுக்குச் சுயநினைவு வந்தது. இருவரும் மடிக்கணினிகளில் வேலை அட்டவணை பார்த்துக்கொண்டிருந்தார்களாம். விமானம் பத்திரமாகத் திரும்பி இறங்கியது. ஆனால் இருவரின் உரிமங்களும் பறிக்கப்பட்டன.

2005 ஓகஸ்ட் 14 அன்று நடந்தது வேறு. சைப்பிரஸின் லார்னகாவிலிருந்து ஏதென்ஸுக்குப் புறப்பட்ட ஹீலியோஸ் 522 விமானமும் பதில் சொல்லவில்லை. பார்க்கப்போன இரண்டு கிரேக்கப் போர் விமானங்கள் கண்ட காட்சி பயங்கரமானது. தலைமை விமானியின் இருக்கை வெறுமையாக இருந்தது. துணை விமானி சாய்ந்து கிடந்தார். உள்ளே காற்றழுத்தம் கூடாததால் அவர்கள் மயங்கிப் போயிருந்தார்கள். எரிபொருள் தீர்ந்து விமானம் மலையில் வீழ்ந்தது. அதிலிருந்த 121 பேரும் இறந்தனர்.

சில வேளைகளில் கீழே இருப்பவரே மௌனமாகிவிடுகிறார். 2011 மார்ச் 23 நள்ளிரவுக்குப் பின், வாஷிங்டனின் றேகன் விமான நிலையக் கோபுரத்திலிருந்து பதில் வரவில்லை. தனியாகக் கடமையிலிருந்த கட்டுப்பாட்டாளர் உறங்கிவிட்டார். இரண்டு பயணிகள் விமானங்கள் கோபுரத்தின் உதவியின்றியே பத்திரமாக இறங்கின.

ஜன்னலில் போர் விமானம் தெரிந்தால்

காரணம் மறதியா, மயக்கமா, கடத்தலா என்று நிலத்திலிருந்து அறிய முடியாது. அதனால்தான் போர் விமானத்தை அனுப்பிப் பார்க்கிறார்கள். 2001 செப்ரெம்பர் 11க்குப் பின் இதில் கவனம் கூடியது. 2017 பெப்ரவரி 16 அன்று மும்பாயிலிருந்து லண்டன் சென்ற, பின்னாளில் மூடப்பட்ட ஜெற் எயார்வேஸ் நிறுவனத்தின் விமானம் ஜேர்மனிக்கு மேலே தொடர்பிழந்தது. அதில் 330 பயணிகள் இருந்தனர். ஜேர்மன் போர் விமானங்கள் அருகே வந்தன. தொடர்பு மீண்டதும் விமானம் லண்டனில் வழமைபோல் இறங்கியது.

போர் விமானம் என்றாலே எங்கள் ஆட்கள் பலருக்கு நெஞ்சு திடுக்கிடும். ஓடி ஒளிந்த காலங்கள் நினைவில் வரும். தாய் தகப்பனை விமானத்தில் கூப்பிடுபவர்கள் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: இப்படி அருகே வருவது குண்டு போட அல்ல, நலம் பார்க்க. அது சற்று முன்னால், பெரும்பாலும் இடதுபக்கம் வந்து சிறகை ஆட்டும். எமது விமானியும் ஆட்டிப் பதில் கொடுத்துப் பின்தொடர்வார். நாம் செய்யவேண்டியது, பட்டியைக் கட்டிக்கொண்டு பணியாளர் சொல்வதைக் கேட்பதுதான்.

விமான நிலையத்தில் காத்திருப்பவர்களும், நேரம் பிந்தியதும் பயப்பட வேண்டாம். தகவல் கருமபீடத்தில் பயண இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள். மொழி வராவிட்டால் பிள்ளைகளில் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள்.